மகள் சரியாகப் பிரித்ததை நான் அழித்துவிட்டேன்

மனது இன்னும் ஆறவில்லை. நாங்கள் போலந்தில், வ்ரோத்ஸ்வாஃபில் இருக்கிறோம். மகள் ஒன்றாம் வகுப்பு. வீட்டுப்பாடமாகப் போலிஷ் சொற்களை அசை அசையாகப் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் கைதட்டி எண்ணி, பென்சிலால் கோடு போட்டு முடித்துவிட்டாள். சரிபார்க்கிறேன் என்று ரப்பரை எடுத்தது நான்.

'நாஉச்சிசெல்கா' (nauczycielka) என்றால் ஆசிரியை. நா-உ-ச்சி-செல்-கா என்று ஐந்தாகப் பிரித்திருந்தாள். 'அவ்தோ' (auto, கார்) என்பதில் ஏ-யூ சேர்ந்து ஒரே அசை என்று படித்த ஞாபகத்தில், இங்கேயும் முதல் இரண்டைச் சேர்த்துவிட்டேன். அடுத்து 'ஷொஸ்த்ரா' (siostra), அதாவது சகோதரி. எழுத்தில் 'ஐ' (i) தனியாகத் தெரிந்ததால் மூன்றாக்கினேன். "ரெண்டு தட்டுதான்பா" என்றாள். நான் கேட்கவில்லை.

தாள் இரண்டு சிவப்பு வட்டங்களோடு திரும்பி வந்தது. இரண்டுமே நான் கைவைத்த இடங்கள். அழித்த இடத்தில் அவள் போட்ட கோட்டின் தடம் அப்படியே தெரிந்தது.

நான் போன போலிஷ் மாலை வகுப்பில் "உயிரெழுத்தை எண்ணுங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். 'ஐ'க்குப் பின்னால் இன்னொரு உயிர் வந்தால், பெரும்பாலும் அது முந்தைய மெய்யை மென்மையாக்கத்தான் நிற்கிறது, அதை எண்ணக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தொண்ணூறுக்கான சொல்லையே (dziewięćdziesiąt) பாருங்கள்: 16 எழுத்து. கண்ணால் எண்ணினால் 8 உயிர். அதில் 4 இந்த 'ஐ'தான். மிச்சம் நான்கு அசை: ஜெ-வ்யெஞ்ச்-ஜெ-ஷொந்த்.

எனக்குக் கைகொடுத்தது தமிழ்தான். சொல்லைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மிச்சத்தை எண்ணுங்கள். 'ஷொஸ்த்ரா'வில் ஷொ, ரா: இரண்டு. 'அவ்தோ'வில் அ, தோ: இரண்டு. போலிஷ் எழுத்தைப் பார்த்து எழுதினால் மட்டும் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள்.

அப்புறம், மெய்கள் கூட்டமாக வந்தால் எங்கே வெட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வரி முடிவில் உடைக்கும்போது ஷொ-ஸ்த்ரா, ஷொஸ்-த்ரா, ஷொஸ்த்-ரா மூன்றுமே சரி. எண்ணிக்கை சரியானால் அழுத்தமும் தானாக வந்துவிடும், பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில்.

அந்தத் தாளின் ஓரத்தில் "மகள் போட்டது சரி, அழித்தது நான்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஆசிரியைக்குக் கொடுத்தனுப்பினேன்.