பதில் கேட்காத அட்டைகள்

2024 ஜனவரி 6, சனி

இந்த வருஷம் மாதாமாதம் வாழ்த்து அட்டை அனுப்புவது என்று முடிவு செய்து, இன்று உட்கார்ந்து பட்டியல் போட்டேன். தினமும் பேசுகிறவர்கள் இதில் இல்லை. கல்லூரியில் ஒரே அறையில் இருந்த நண்பன், முதல் வேலையில் எல்லாம் சொல்லிக்கொடுத்த மேலாளர், காது மந்தமாகிவிட்டதால் போனில் பேச முடியாத அத்தை, வெளிநாட்டில் இருக்கும் சித்தி மகள், இப்படிச் சிலர். யாரோடும் சண்டை இல்லை, மனக்கசப்பும் இல்லை. பேச்சு விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். விட்டுப்போனதை நான் திரும்பப் பிடித்துக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

ஏற்பாடு ரொம்ப எளிது. ஒரு பெட்டி, அதற்குள் மாதத்துக்கு ஒன்றாக 12 தடுப்புகள். ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு சீட்டு. சீட்டில் பெரிதாக எழுதியிருப்பது பிறந்தநாள் அல்ல, தபாலில் போட வேண்டிய தேதி. உள்நாடு என்றால் பத்து நாள் முன்னால், வெளிநாடு என்றால் ஒரு மாதம் முன்னால். பிறந்தநாளை மட்டும் குறித்து வைத்தால், அது கண்ணில் படும்போது தபாலுக்கு நேரம் இருக்காது.

போனில் வாழ்த்துவதை நான் நிறுத்தப் போவதில்லை. ஆனால் பிறந்தநாள் காலையில் வந்து குவிகிற செய்திகளில் எது யாருடையது என்பது மதியத்துக்குள் மறந்துவிடும். அட்டை மேசைமேல் நாலு நாள் நிற்கும். போகிற வருகிறவர்கள் எடுத்துப் பார்ப்பார்கள்.

ஜனவரி 9, செவ்வாய்

பிப்ரவரி முடியும்வரை போக வேண்டிய உறைகளில் எல்லாம் முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிவிட்டேன். அட்டை அனுப்பும் பழக்கம் நின்றுபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நாலு வரி எழுத எல்லோருக்கும் மனசு வரும். கதவு எண்ணைத் தேடவும் ஸ்டாம்ப் வாங்கவும் எழுந்து போகத்தான் வராது. அந்த வேலையை முதலிலேயே முடித்துவிட்டால் மிச்சம் இருப்பது சந்தோஷமான பகுதி மட்டும்.

ஜனவரி 27, சனி

என்ன எழுதுவது? அட்டையை விரித்ததும் வருகிற முதல் கேள்வி இதுதான். 'எல்லா நலமும் வளமும் பெற்று நீடூழி வாழ்க' என்று எழுதினால் தப்பில்லை. ஆனால் அதை யாரும் யாருக்கும் எழுதலாம். அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று உள்ளே இருக்க வேண்டும்.

மேலாளருக்கு இன்று எழுதியது இது: "சார், நான் தயாரித்த முதல் அறிக்கையை நீங்கள் பென்சிலால் திருத்திக் கொடுத்தீர்கள். ஏன் பென்சில் என்று கேட்டதற்கு, 'நான் சொல்வதும் தப்பாக இருக்கலாமே' என்றீர்கள். இப்போது என்னிடம் வேலை பழகுகிறவர்களுக்கு நானும் பென்சிலால்தான் திருத்துகிறேன். பிறந்தநாள் வாழ்த்துகள்." அட்டையின் உட்பக்கம் நிறைந்துவிட்டது. இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

இத்தனை வருஷம் கழித்து இதைப் போய் எழுதினால் ஏதாவது நினைத்துக்கொள்வாரோ என்று கூச்சமாக இருந்ததால் இதைக் குறித்து வைக்கிறேன். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கூச்சத்தைப் பற்றித்தான். தங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, கிடைத்தவருக்கு எப்படி இருக்கும் என்று எழுதியவர்களை ஊகிக்கச் சொன்னார்கள். பிறகு கிடைத்தவர்களையே கேட்டார்கள். அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று எழுதியவர்கள் மிகைப்படுத்தி நினைத்திருந்தார்கள். எவ்வளவு சந்தோஷப்படுவார்கள் என்பதைக் குறைத்து மதிப்பிட்டிருந்தார்கள். எழுதுகிறவருக்கு வார்த்தை சரியாக வருகிறதா என்பதுதான் கவலை, வாங்குகிறவருக்குப் பெரிதாகப் படுவது அதிலுள்ள அன்பு. இதைப் படித்திருந்ததால்தான் இன்று உறையை ஒட்ட முடிந்தது.

பிப்ரவரி 18, ஞாயிறு

அத்தைக்கு அட்டை எழுதும் நாள். இதற்கு மட்டும் அரை நாள் ஒதுக்கினேன்.

அத்தைக்குக் காது கேட்பது ரொம்பக் குறைந்துவிட்டது. போன் எடுத்தால் "என்னடா? என்னது?" என்று நாலு தடவை கேட்டுவிட்டு, "சரி சரி, நல்லாயிரு" என்று வைத்துவிடுவார். பேசவில்லையே என்று அவருக்கும் வருத்தம், எனக்கும் வருத்தம். கண்ணுக்குப் பூதக்கண்ணாடி வேண்டும்தான், ஆனாலும் படிப்பார். அதனால் அட்டையை அவர் கண்ணுக்கு ஏற்ற மாதிரி தேர்ந்தெடுக்கிறேன். பளபளப்பான தாள் வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டால் எழுத்து மறைந்துவிடும். மங்கலான வெள்ளைத் தாள், கருப்பு மை, தடித்த முனை உள்ள பேனா. ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் நகம் அளவுக்கு. வரிகளுக்கு இடையில் ஒரு வரி அளவு இடைவெளி. மெய்யெழுத்துப் புள்ளிகளைக்கூட அழுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் 'ன்' எது 'ன' எது என்று அவருக்குத் தெரியாது. இப்படி எழுதினால் அட்டையில் ஐந்து வரிதான் பிடிக்கும். ஐந்து வரிக்குள் அவருக்குப் பிடித்ததைச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் என் தலைக்கு அவர் எண்ணெய் தேய்த்துவிட்டதும், நான் அழுது ஓடியதும். இந்தத் தடவை அதுதான்.

அவரோடு பேச எனக்கு மிச்சம் இருக்கும் வழி இது. போனில் நாலு தடவை கேட்டும் புரியாததை, தாளில் அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் படிக்கலாம். யாரையும் "என்னது?" என்று கேட்க வேண்டியதில்லை.

மார்ச் 11, திங்கள்

எழுதுபொருள் விஷயம், மறக்காமல் இருக்க. வழவழப்பான அட்டையில் ஜெல் பேனா காயாது. பந்துமுனைப் பேனாதான் சரி. உள்ளே கவிதை அச்சடிக்காத அட்டையாகப் பார்த்து வாங்க வேண்டும். சதுர அட்டை அழகுதான், ஆனால் கடிதம் பிரிக்கும் இயந்திரங்கள் நீள்சதுர உறைக்காகச் செய்யப்பட்டவை, அதனால் சில நாடுகளில் சதுர உறைக்குக் கூடுதல் தபால் கட்டணம் உண்டு. ரிப்பன், அரக்கு முத்திரை போன்றவையும் இயந்திரத்தில் மாட்டும்.

ஏப்ரல் 20, சனி

ஒரு தோழியின் அம்மா ஜனவரியில் தவறிப்போனார். அப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இன்று அவளுக்கு ஓர் அட்டை போட்டேன். முதல் மாதம் வீடு நிறைய ஆள் இருக்கும், போன் ஓயாது. மூன்று மாதம் ஆனால் எல்லோரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள், துக்கம் மட்டும் அந்த வீட்டிலேயே இருக்கும். அட்டை போய்ச் சேர வேண்டிய நேரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

"தைரியமாக இரு", "காலம் ஆற்றும்" எதுவும் எழுதவில்லை. அம்மாவின் பெயரை எழுதினேன். நான் அந்த வீட்டுக்குப் போன நாளில் எல்லாம் அவர் வாசல்வரை வந்து, நான் தெருமுனை திரும்பும்வரை நின்றதை எழுதினேன். இறந்தவரின் பெயரைச் சொன்னால் வருத்தப்படுவார்களோ என்று மற்றவர்கள் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். தோழி அந்தப் பெயரைக் கேட்க ஏங்குகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஜூன் 16, ஞாயிறு

"முழுக் கடிதம் எழுத நேரமில்லை என்றுதானே அட்டை?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஆமாம், கிறிஸ்துமஸ் அட்டை பிறந்ததே அப்படித்தான். 1840இல் பிரிட்டனில் ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் அனுப்பலாம் என்று வந்தது. அந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்டவர்களில் ஹென்றி கோலும் ஒருவர். அதற்கப்புறம் கடிதங்கள் குவிய, 1843இல் கிறிஸ்துமஸ் நேரத்தில் எல்லோருக்கும் பதில் எழுத முடியாமல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரையச் சொல்லி, அட்டையாக அச்சடித்தார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அது. விலை ஒரு ஷில்லிங். அன்றைக்குச் சாதாரண ஆள் வாங்கக்கூடிய விலையல்ல.

எனக்கு இதில் பிடித்தது, அவருக்கு நேரம் இல்லாதபோதும் யாரையும் விட்டுவிட மனசு வரவில்லை என்பது. நாலு பக்கக் கடிதம் எழுதக் காத்திருந்தால் நாலு வருஷம் போய்விடும். நாலு வரி இன்றைக்கே போகும்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கல்லூரி நண்பனிடமிருந்து ஒரு பதிலும் இல்லை. மார்ச்சில் பிறந்தநாள் அட்டை போட்டேன், ஜூனில் சும்மா ஒன்று போட்டேன். கிடைத்தது என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டில் "அவருக்கு விருப்பம் இல்லையோ என்னவோ, விட்டுவிடேன்" என்றார்கள். யோசித்தேன். விடப் போவதில்லை.

ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் சான் பிரான்சிஸ்கோவில் செய்த ஆய்வு ஒன்று நினைவுக்கு வந்தது. மன அழுத்தத்தாலோ தற்கொலை எண்ணத்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து, வெளியே வந்த பிறகு தொடர் சிகிச்சை வேண்டாம் என்று ஒதுங்கிய 843 பேரை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு மட்டும் ஐந்து வருஷம் சின்னச் சின்னக் கடிதங்கள் போயின. முதலில் மாதம் ஒன்று, அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒன்று. உங்களை நினைத்துக்கொண்டோம், நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில்தான் இருந்தன. கட்டாயமாகச் செய் என்று எதையும் கேட்கவில்லை. 2001இல் வெளியான முடிவின்படி, கடிதம் கிடைத்தவர்களிடையே முதல் இரண்டு வருஷங்களில் தற்கொலைகள் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தன.

என் நண்பனுக்கு அப்படி ஏதும் நோய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கடிதங்களின் தன்மை எனக்கு முக்கியமாகப் படுகிறது. போனை எடுக்காவிட்டால் எடுக்கவில்லை என்றாகிறது. செய்தியைப் படித்துவிட்டுப் பதில் போடாவிட்டால் அதுவும் அனுப்பியவருக்குத் தெரிந்துவிடுகிறது. பதில் சொல்லத் தெம்பில்லாத ஆளுக்கு இதெல்லாம் பாரம். அட்டை வந்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாம். அவனுக்கு எழுதும் அட்டைகளில் "பதில் போடு", "ஏன் பேசுவதில்லை?" என்ற வரிகள் கிடையாது, இனியும் இருக்காது.

அக்டோபர் 9, புதன்

இன்று உலக அஞ்சல் தினம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1874 அக்டோபர் 9ஆம் தேதி 22 நாடுகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இன்று சர்வதேச அஞ்சல் ஒன்றியமாக இருக்கும் அமைப்பு அதில் உருவானது. சரியாக 150 வருஷம். அதற்கு முன்னால் ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொரு நாட்டோடும் தனித்தனியாகப் பேசித்தான் தபால் போக வேண்டியிருந்தது. இன்று நான் இங்கே ஒட்டும் ஸ்டாம்ப் சித்தி மகளின் வீட்டு வாசல்வரை செல்லும். இது சாதாரணமாகிவிட்டது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. அவளுக்கு இன்றைக்கே ஓர் அட்டை போட்டேன், பிறந்தநாளும் இல்லை, பண்டிகையும் இல்லை. அக்டோபர் 9 என்பதே காரணம் என்று எழுதினேன்.

டிசம்பர் 14, சனி

அடுத்த வருஷத்துக்கான சீட்டுகளை மாற்றி வைத்தேன். மேலாளர் வீடு மாறியிருக்கிறார், புது முகவரியை அவரே ஓர் அட்டையில் எழுதி அனுப்பியிருந்தார். பென்சிலால். அத்தைக்கு இனி இரண்டு மாதத்துக்கு ஒன்று; வருஷத்துக்கு இரண்டு போதவில்லை என்று அவர் மகன் சொன்னான். தோழியின் சீட்டில் அவள் அம்மாவின் நினைவு நாளையும் குறித்துக்கொண்டேன். பெட்டியில் புதிதாக இரண்டு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன.

நண்பன் இன்னும் எழுதவில்லை. மார்ச் தடுப்பில் அவனுக்கான உறை இருக்கிறது, முகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது.