பாதியில் நின்ற அப்டேட்

திருநெல்வேலிப் பக்கம் லினக்ஸ் கணினிகளைப் பராமரிக்கிறவர்களுக்குக் காலை பத்து மணி வாக்கில் வாட்ஸ்அப்பில் வரும் படம் பெரும்பாலும் ஒரு கறுப்புத் திரையாகத்தான் இருக்கும். கூடவே ஒரு குரல் பதிவும் வரும்: “அண்ணாச்சி, நேத்து சாயங்காலம் நல்லாத்தான் ஓடுச்சு. இன்னைக்கு ஆன் பண்ணுனா இப்படியே நிக்கி. ஃபார்மேட் அடிச்சிருவமா?”

அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம். அப்டேட்டுக்குப் பிறகு கிளம்ப மறுக்கிற லினக்ஸ் கணினியில் கோப்புகள் அநேகமாக அப்படியே இருக்கும். ஒரு வேலை தொடங்கிப் பாதியில் நின்றிருக்கும். எந்த இடத்தில் நின்றது என்று பார்த்து, அங்கிருந்து அதை முடித்து வைத்தால் போதும். “பதறாதிய. ஆஃப் பண்ணாம கடைசி மூணு வரி தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்க” என்று கேட்டு வாங்கினாலே பாதி வேலை முடிந்த மாதிரிதான். கணினி பேசாமல் செத்துக் கிடப்பது அபூர்வம். எதையாவது எழுதிவிட்டுத்தான் நிற்கும்.

ஏன் காலையில்? உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் பாதுகாப்பு அப்டேட்டுகள் யாரும் கேட்காமலே பின்னணியில் ஏறும். அதற்கான டைமர் காலை 6 மணிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாக் கணினிகளும் ஒரே நொடியில் சர்வரை மொய்க்காமல் இருக்க 60 நிமிடம் வரை தள்ளிப் போகவும் அதில் இடமுண்டு. 6 மணிக்குக் கணினி அணைந்து கிடந்தால், விட்டுப்போன வேலையை அடுத்த முறை ஆன் செய்ததும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆக, எட்டரைக்கு அலுவலகம் திறந்து சுவிட்சைப் போட்டால், எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில் ஏதோ ஒரு நேரத்தில், வன்பொருளையும் நிரல்களையும் இணைக்கிற மைய மென்பொருளான கர்னல் மாறத் தொடங்கும். திரையில் ஒரு அறிகுறியும் இருக்காது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடையோ காலை 9 மணிக்கு. வள்ளியூரிலும் அம்பாசமுத்திரத்திலும் மின்தடை அறிவித்த நாட்களில் அழைப்புகள் கூடுவதற்கு இந்த ஒரு மணி நேரமே காரணம். பேட்டரி செத்துப்போன யுபிஎஸ் இரண்டு முறை கத்திவிட்டு அடங்கிவிடும்.

புதிய கர்னல் ஏறும்போது உள்ளே நடப்பதை வரிசையாகத் தெரிந்துகொண்டால் பிழையைத் தேடி அலைய வேண்டியதில்லை. முதலில் கர்னல் கோப்பு /பூட் அடைவுக்குள் வந்து உட்காரும். சுமார் 15 எம்பி. அதற்கான மாட்யூல்கள், அதாவது தேவைப்படும்போது சேர்த்துக்கொள்ளும் துண்டுகள், /லிப்/மாட்யூல்ஸ் அடைவுக்குப் போகும். பிறகு டிகேஎம்எஸ் என்ற கருவி வந்து என்விடியா, ரியல்டெக் வைஃபை போன்ற வெளி டிரைவர்களை அந்தக் கர்னலுக்கேற்பக் கட்டும். அடுத்து இனிட்ராம்எஃப்எஸ் உருவாகும். முழு அமைப்பும் இருக்கிற ரூட் பார்ட்டிஷனைத் திறக்கத் தேவையான டிரைவர்களையும் சிறு கருவிகளையும் கட்டிக்கொடுத்த சோற்று மூட்டை மாதிரி அது. கடைசியில், எந்தக் கர்னலைக் கிளப்புவது என்று பட்டியல் காட்டித் தொடங்கி வைக்கும் கிரப் தன் பட்டியலைத் திருத்தி எழுதும். இந்த வரிசையில் எங்கே கயிறு அறுந்தது என்பதுதான் கேள்வி.

அதிகம் அறுவது இனிட்ராம்எஃப்எஸ் கட்டுகிற இடத்தில். திரையில் ‘கர்னல் பேனிக்’ என்று வந்து, அதே வரியில் ‘அன்நோன்-பிளாக் 0,0’ என்று முடிந்தால் சந்தேகமே வேண்டாம். கர்னல் எழுந்துவிட்டது, மூட்டையைக் காணோம். கரண்ட் போனதால் அரைகுறையாக எழுதப்பட்டிருக்கலாம். கோப்பின் பெயர் மட்டும் இருந்து, அளவு சுழியமாகவும் இருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் /பூட் நிரம்பியிருக்கும்.

இந்த /பூட் நிரம்பும் சங்கதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முன்பு, டிஸ்க் இடத்தை நெகிழ்வாகப் பிரிக்கிற எல்விஎம் முறை போட்டு நிறுவிய கணினிகளில் /பூட் தனிப் பார்ட்டிஷனாக 500 எம்பி அளவில் இருக்கும். இன்றைய இனிட்ராம்எஃப்எஸ் ஒன்று 60, 70 எம்பி. என்விடியா சேர்ந்தால் 100-ஐத் தாண்டும். மூன்று கர்னல் தங்கினாலே இடம் நெருக்கடிதான். போதாததற்கு, இருக்கிற இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும்போது பழையதை அழிக்காமல் பக்கத்தில் ‘.நியூ’ என்று புதிதாக எழுதி முடித்த பிறகுதான் பெயரை மாற்றும். அதனால் இன்னொரு கோப்புக்கும் காலி இடம் வேண்டும். இடம் போதாமல் கட்டுமானம் தோற்றால் அந்த வரிசை அங்கேயே நின்றுவிடும். கிரப் பட்டியல் மாறாது. மறுநாள் பழைய கர்னலில் கணினி சாதாரணமாக ஓடும். ஒருவருக்கும் தெரியாது. இரண்டு வாரம் கழித்து வேறு ஏதோ பொதி, அதாவது மென்பொருள் பேக்கேஜ், கிரப் பட்டியலைப் புதுப்பிக்கும்போது, மூட்டையில்லாத அந்தப் புதிய கர்னல் பட்டியலின் தலையில் ஏறிவிடும். பிழை நடந்த நாள் ஒன்று, தெரிய வந்த நாள் வேறொன்று. அதனால் “நேத்து என்ன அப்டேட் பண்ணுனிய?” என்று மட்டும் கேட்டால் துப்பு கிடைக்காது. /வார்/லாக்/ஆப்ட் அடைவில் உள்ள ‘டெர்ம்.லாக்’ கோப்பைப் பின்னோக்கிப் படிக்க வேண்டும். ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்ற வரி தேதியோடு அதில் கிடக்கும்.

சரிசெய்வது எளிது. கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள் பழைய பயாஸ் ஆனால் ஷிஃப்ட், புதிய யுஇஎஃப்ஐ ஆனால் எஸ்கேப்; அழுத்தினால் கிரப் பட்டியல் வரும். எஸ்கேப்பை ஒரு தடவைக்கு மேல் அழுத்தினால் பட்டியலைத் தாண்டி ‘கிரப்>’ என்று போய் நிற்கும். அது பிழை என்று பயப்பட வேண்டாம், ‘நார்மல்’ என்று தட்டினால் திரும்பலாம். ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே போய் ஒரு படி பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலான கணினிகள் எழுந்துவிடும். எழுந்ததும் முதல் கட்டளை, காலி இடத்தைக் காட்டும் ‘டிஎஃப் -எச் /பூட்’. இடமிருந்தால் ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’. பாதியில் நின்ற பொதிகளெல்லாம் அதிலேயே முடிந்துவிடும். தொடர்ந்து ‘ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’. பிறகு அந்தக் கர்னல் எண்ணைச் சொல்லி ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே’, முடிவில் ‘அப்டேட்-கிரப்’.

இடம் இல்லையென்றால், பொதிகளை நிறுவி நீக்கும் ஆப்ட் தானே முடங்கிக் கிடக்கும். எதையாவது நீக்கச் சொன்னால், முதலில் பாதியில் நிற்பதை முடி என்று திருப்பிக் கேட்கும். அப்போது ‘யூநேம் -ஆர்’ போட்டு, இப்போது ஓடுகிற கர்னல் எது என்று தாளில் எழுதிக்கொண்டு, அதைத் தொடாமல், மிகப் பழைய கர்னலின் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பை மட்டும் கையால் அழிக்கலாம். மூச்சுவிட இடம் கிடைத்ததும் டிபிகேஜி மேற்கண்ட வேலையை முடிக்கும். அதன் பிறகு பழைய கர்னல் பொதியை ஆப்ட் வழியாக முறையாக நீக்க வேண்டும். பதற்றத்தில் /பூட் முழுவதையும் துடைக்கிறவர்களும் உண்டு. அதன் பிறகு பென் டிரைவ் இல்லாமல் சோலி நடக்காது.

இனிட்ராம்எஃப்எஸ் அமைப்புக் கோப்பில் ‘மாட்யூல்ஸ்=மோஸ்ட்’ என்பதை ‘டெப்’ என்று மாற்றினால் கோப்பு நன்றாகச் சுருங்கும் என்று பலர் சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனால் அது அந்த ஒரு கணினியின் வன்பொருளுக்கு மட்டும் கட்டிய மூட்டை. மதர்போர்டு போனால் டிஸ்கைக் கழற்றி வேறு பெட்டியில் மாட்டி ஓட்டுவது நம் ஊர்ப் பழக்கம். அந்தப் பழக்கம் இருக்கிற இடத்தில் ‘டெப்’ வேண்டாம். புதிதாக நிறுவும்போது /பூட்டுக்கு ஒரு ஜிபிக்குக் குறையாமல் கொடுத்துவிடுவதே மேல்.

பழைய கர்னலும் எழவில்லையென்றால், டிஸ்கில் நிறுவாமலே லினக்ஸ் ஓடுகிற லைவ் பென் டிரைவ். இங்கே செய்கிற தப்புகள் இரண்டே இரண்டுதான், ஆனால் திரும்பத் திரும்ப நடக்கும். முதலாவது, கணினி யுஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருக்க, பென் டிரைவை லெகசி என்ற பழைய பயாஸ் முறையில் கிளப்புவது. அப்படிக் கிளப்பினால் கிரப்பை நிறுவும்போது ‘இஎஃப்ஐ வேரியபிள்கள் இந்தக் கணினியில் இல்லை’ என்று மறுத்துவிடும். /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற அடைவு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிட்டால் அரை மணி நேரம் மிச்சம். இரண்டாவது தப்பு இன்னும் மோசம். ‘எல்எஸ்பிஎல்கே -எஃப்’ பார்த்து ரூட் பார்ட்டிஷனை /எம்என்டி மேல் மவுண்ட் செய்வார்கள், அதாவது பொருத்துவார்கள், டெவ், புரோக், சிஸ், ரன் நான்கு அடைவுகளையும் அதனோடு பைண்ட் செய்து இணைப்பார்கள், சிஎச்ரூட் கட்டளையால் அதற்குள் போவார்கள், கட்டளைகள் எல்லாம் பிழையின்றி ஓடும், ரீபூட் செய்தால் அதே கறுப்புத் திரை. தனியாக இருந்த /பூட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்ய மறந்திருப்பார்கள். கட்டிய மூட்டை ரூட்டுக்குள் இருக்கிற வெறும் ‘பூட்’ அடைவில் போய்க் கிடக்கும். ரூட், அதன் மேல் /பூட், அதன் மேல் /பூட்/இஎஃப்ஐ. இந்த வரிசை மாறக்கூடாது. சிஎச்ரூட்டுக்குள் போனதும் ‘எல்எஸ் /பூட்’ அடித்துக் கர்னல் கோப்புகள் கண்ணில் படுகின்றனவா என்று பார்த்த பிறகே மேற்கொண்டு கை வைக்க வேண்டும்.

‘கிரப் ரெஸ்க்யூ>’ என்று நின்றால் கதை வேறு. கர்னல் வரைக்கும் போகவே இல்லை. 2020 ஜூலையில் ‘பூட்ஹோல்’ பாதுகாப்புக் குறையை அடைக்க கிரப் புதுப்பிக்கப்பட்டபோது, ‘சிம்பல் கிரப்_கேலாக் நாட் ஃபவுண்ட்’ என்று பல கணினிகள் நின்றன. காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் அதே வகைப் பிழை வரும். லெகசி முறையில் கிரப்புக்கு இரண்டு பாகம்: டிஸ்கின் தொடக்கத்தில் எழுதப்பட்ட மையப் பகுதி ஒன்று, /பூட்/கிரப் அடைவில் இருக்கிற மாட்யூல்கள் இன்னொன்று. பழைய ஹார்டு டிஸ்கை 240 ஜிபி எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்த கணினியில், எந்த டிஸ்கில் எழுத வேண்டும் என்று கிரப் பொதி நினைவில் வைத்திருப்பது கழற்றிப் போட்ட பழைய டிஸ்கின் அடையாளத்தை. அப்டேட் வரும்போது மாட்யூல்கள் புதிதாகும், மையப் பகுதி பழசாகவே இருக்கும். இரண்டுக்கும் ஒத்துப்போகாது. பள்ளிக் கணினி ஆய்வகங்களிலும் சிறு அச்சகங்களிலும் புதுக் கணினி வாங்காமல் எஸ்எஸ்டி மாற்றி ஓட்டுவது நல்ல சிக்கனம். மாற்றின அன்றே ‘டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கிரப்-பிசி’ ஓட்டி, ஸ்பேஸ் பட்டனால் புதிய டிஸ்கைக் குறித்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. குறிக்க வேண்டியது எஸ்டிஏ என்ற முழு டிஸ்கை, எஸ்டிஏ1 என்ற பார்ட்டிஷனை இல்லை.

விண்டோஸும் லினக்ஸும் ஒன்றாக இருக்கிற கணினியில் 2024 ஆகஸ்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். விண்டோஸ் அப்டேட் ஒன்று கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் கிளம்ப விடும் செக்யூர் பூட்டுக்கான எஸ்பேட் என்ற தடைப் பட்டியலை மாற்ற, கிரப்பைத் தொடங்கி வைக்கும் ஷிம் என்ற சிறு நிரல் பழையதாக உள்ள லினக்ஸ்கள் ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று அணைந்தன. செக்யூர் பூட்டை நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், மோக்யூடில் கருவியால் அந்த எஸ்பேட் கொள்கையை அழித்து, ஷிம்மைப் புதுப்பித்து, மறுபடி செக்யூர் பூட்டைப் போட வேண்டும்.

‘எமர்ஜென்சி மோட்’ என்று வந்தால் அப்டேட்டைத் திட்டுவது நியாயமில்லை. கிளம்பும்போது இணைக்க வேண்டிய டிஸ்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதப்பட்ட ஏதோ ஒரு டிஸ்க் கிடைக்கவில்லை. ஒன்றரை நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு நின்றிருக்கிறது. பேக்கப் டிஸ்கை எப்போதோ கழற்றி எடுத்துப் போயிருப்பார்கள். மாதக்கணக்கில் அணைக்காத கணினியை அப்டேட்டுக்காக ரீபூட் செய்யும்போதுதான் அது வெளியே வரும். அந்த வரியில் ‘நோஃபெயில்’ சேர்த்தால் போதும்.

‘பிசிபாக்ஸ்’ என்ற பெயரோடு, இனிட்ராம்எஃப்எஸ் என்று அடைப்புக்குறிக்குள் வந்து நின்றால், டிஸ்குகளைப் பட்டியலிடும் ‘பிஎல்கேஐடி’ அடித்துப் பார்க்க வேண்டும். டிஸ்கே பட்டியலில் இல்லையென்றால் மென்பொருளை விட்டுவிட்டுப் பெட்டியைத் திறக்கலாம். ஆனி, ஆடிக் காற்றில் புழுதி ஏறிய சாட்டா கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே எழுகிற கணினிகள் உண்டு. டிஸ்க் தெரிகிறது, கோப்பமைப்பைத் திருத்தும் கருவியான ‘எஃப்எஸ்சிகே-வைக் கையால் ஓட்டு’ என்கிறது என்றால், உடனே ஓட்டிவிடக் கூடாது. லைவ் பென் டிரைவிலிருந்து, டிஸ்க் தன் உடல்நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அளவுகளைப் பாருங்கள். 197-ஆம் எண், அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள், சுழியமாக இல்லையென்றால் முதலில் டிடி-ரெஸ்க்யூவால் வேறு டிஸ்குக்கு நகல். வட்டாரக் கூட்டுறவுச் சங்கமோ மளிகை மண்டியோ, பத்து வருடக் கணக்கு அந்த ஒரு டிஸ்கில் இருக்கலாம். சாகப்போகிற டிஸ்கில் எஃப்எஸ்சிகே ஓட்டினால் மிச்சமிருப்பதும் போகும்.

எல்லாம் எழுந்து, லாகின் திரை மட்டும் வராமல் கறுப்பாக நின்றால் சந்தேகப்பட வேண்டியது டிகேஎம்எஸ். கிரப்பில் ‘இ’ அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் கடைசியில் ‘நோமோட்செட்’ சேர்த்து, எஃப்10. உள்ளே போய் ‘டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்’ பார்த்தால் புதிய கர்னலுக்கு டிரைவர் கட்டப்படவில்லை என்று தெரியும். டிரைவரைக் கட்டத் தேவையான கர்னல் ஹெடர் பொதி இல்லாததே வழக்கமான காரணம். டிரைவர் கட்டியும் ஏறவில்லையென்றால், முதல் ரீபூட்டில் சில நொடிகள் மட்டும் வந்த நீலத் திரையில், டிரைவரின் சாவியைப் பதிவு செய்யும் ‘என்ரோல் மோக்’ என்பதை விட்டுவிட்டு யாரோ ‘கன்டினியூ’ அழுத்தியிருப்பார்கள்.

வேலை முடிந்ததும் இரண்டு தடவை கிளப்பிப் பார்க்க வேண்டும். ஒரு தடவை ரீபூட். இன்னொரு தடவை முழுதாக அணைத்து, சுவர் சுவிட்சையும் நிறுத்தி, ஒரு நிமிடம் விட்டு. இரண்டிலும் ‘யூநேம் -ஆர்’ புதிய கர்னலைக் காட்டி, ‘சிஸ்டம்சிடிஎல் --ஃபெயில்டு’ சுழியம் என்று சொன்ன பிறகு, கிரப் பட்டியல் ஐந்து நொடி கண்ணில் படும்படி அமைத்துவிட்டு, தேதி, கர்னல் எண், பார்ட்டிஷன் விவரம் மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கேபினட்டின் பக்கவாட்டில் ஒட்டலாம். அடுத்த முறை படம் அனுப்பும்போது அந்தத் தாளையும் சேர்த்து அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.