பங்களா ஹாலும் அப்பு வர்ற கதவும்

இலங்கை மலையகத்துல ஹப்புத்தளை பக்கம் ஒரு பழைய தோட்டத் தொரை பங்களாவ மியூசியமா மாத்துறாங்க, அதுல பெரிய ஹால் வேலை இப்ப எங்க கையில. ஆளுயர ஜன்னல், கருங்கல் நெருப்படுப்பு, தரை முழுக்க தேக்கு. வர்றவங்க எல்லாம் அண்ணாந்து சீலிங்கத்தான் பாக்குறாங்க, ஆனா வேலையே சுவர்லதான்.

கல்லும் சுண்ணாம்பும் வச்சு கட்டுன சுவருக்கு மேல பிற்காலத்துல யாரோ சிமெந்து பூசி எமல்ஷன் பெயிண்ட்டும் அடிச்சி விட்டிருக்காங்க. நம்ம மலைல மழை போதாதுன்னு பனிமூட்டம் வேற, சுவர் எந்நேரமும் ஈரத்த குடிச்சிட்டே இருக்கும், சுண்ணாம்பு பூச்சுன்னா வெயில் அடிக்கிறப்ப அந்த ஈரம் தானா வெளிய போயிரும், சிமெந்து விடாது, உள்ளயே நின்னு உப்பு பூத்து பெயிண்ட் கொப்புளம் கொப்புளமா தூக்கிரும். இதுக்கு மேல எத்தன தடவ பெயிண்ட் அடிச்சாலும் காசுக்குத்தான் கேடு. சிமெந்த உளியால பைய பேர்த்து, சுவர காயவிட்டு, சுண்ணாம்பும் மணலும் கலந்து மெல்லிசா தட்டு தட்டா பூசணும். சுண்ணாம்பு காத்துல இருக்குற காபனீரொட்சைட்ட இழுத்துத்தான் இறுகும், அவசரப்படுத்த ஏலாது, சட்டுனு காஞ்சா வெடிச்சிரும், அதனால ஈரச்சாக்கு தொங்கவிட்டிருக்கோம். மேசன் பாஸுக்கு இதுல இருக்குற பொறுமை எனக்கு வராது.

கலருக்கு ஒரு மூலைல பிளேடால படிக்கட்டு மாதிரி சுரண்டி பாத்தோம். மேல வெள்ளை, கீழ க்ரீம், எல்லாத்துக்கும் அடில மங்கல் பச்சை. பச்சைதான்னு முடிவாச்சு. தரைக்கு மெஷின் போட்டு தேய்க்க விடல, ஒவ்வொரு தேய்ப்புக்கும் மரம் கொஞ்சம் போயிரும், மெழுகே போதும்.

இப்ப சண்ட ஒரு கதவுக்கு. ஹால் மூலைல ஒரு சின்னக் கதவு, குசினிலருந்து அப்பு, அதான் பங்களா சமையல்காரர், ட்ரேயோட வர்ற வழி. ஓனர் அத அலுமாரி வச்சு மறைச்சா ஹால் நீட்டா இருக்கும்ங்குறாரு. 1931ல சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டுன அடிஷாம் பங்களா கிட்டத்தான இருக்கு, இப்ப துறவிகளோட மடம், ஹாலும் லைப்ரரியும் பாக்கலாம், அதுமாதிரி அழகா வேணுமாம். அழகு வேணாம்னு யாரு சொன்னா. தொரை உக்காந்த நாற்காலிய காட்டுறோம், நெருப்படுப்புக்கு விறகு தூக்குனவன், தரைய முட்டி போட்டு பாலிஷ் பண்ணுனவன் வந்து போன வழிய மட்டும் ஏன் மறைக்கணும்? கம்பளைல தொழிலாளிங்க வரிசையா குடியிருந்த பழைய லயத்தையே தோட்டத் தொழிலாளர் மியூசியமா வச்சிருக்காங்க. ஒரு குடும்பமே இருந்த பத்துக்கு பன்னெண்டு அடி லயக்காம்பராவ, அந்த ஒத்த அறைய, பாத்துட்டு வந்தவனுக்கு இந்த ஹாலோட அகலம் வேற மாதிரிதான் தெரியும்.

கதவுக்கு கீல் மாத்தி எண்ணெயும் போட்டாச்சு, நல்லா தெறக்குது. அலுமாரி இன்னும் வராந்தாலதான் நிக்குது, ஓனர் வர்ற கிழமை வர்றாரு, பாப்போம்.