எவ்வளவு வேணும் தம்பி

"சரி" என்று அக்கா சொன்னதும் நான் போனை வைத்துவிட்டேன். மூன்று நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டோம். அந்த மூன்று நிமிடத்தை நான் எத்தனை முறை திரும்பப் பேசிப் பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. பஸ்ஸில், பல் தேய்க்கும்போது, சில சமயம் தூக்கம் வராத இரவில். ஒவ்வொரு முறையும் அந்தச் "சரி" வேறு மாதிரிக் கேட்கிறது.

2022 ஏப்ரல், அழகர் ஆற்றில் இறங்கி நாலு நாள் ஆகியிருந்தது. கொரோனாவால் இரண்டு வருடம் வழக்கம்போல் நடக்காத திருவிழா அந்த வருடம்தான் பழையபடி நடந்தது. நோன்பும் அதே மாதத்தில் வந்தது. இஃப்தாருக்குக் கடல்பாசி காய்ச்சுகிற வீடுகள் ஒரு பக்கம், ஜிகர்தண்டா கடைகள் ஒரு பக்கம். பாதாம் பிசின் போடுகிற கடைகளும் உண்டு, கடல்பாசி போடுகிற கடைகளும் உண்டு. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சரக்கு வேண்டும். எங்கள் கம்பெனியில் அகர் (கடையில் கடல்பாசி என்று விற்பது இதைத்தான்) காய்ச்சக் கச்சாப் பாசி ஒரு வாரத்துக்குத்தான் இருந்தது. நான் கொள்முதல் பிரிவில் இருந்தேன். மேலே இருந்தவர் என்னை அழைத்து, "எங்கிருந்தாவது ஏற்பாடு பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். எங்கிருந்து என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மதுரையிலிருந்து பாம்பன் சுமார் 160 கிலோமீட்டர்தான்.

அக்கா இருப்பது பாம்பன் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். மன்னார் வளைகுடாவில் பாசி பறிக்கிற பெண்களில் மூத்தவர். இடுப்பில் வலைப்பை, விரல்களில் துணிச்சுற்று, கண்ணுக்குக் கண்ணாடி. மூச்சைப் பிடித்து முங்கிப் பாறையில் ஒட்டியிருக்கிற பாசியைக் கையால் பறிப்பார்கள். எங்களுக்கு வேண்டியது மரிக்கொழுந்துப் பாசி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பெயரைக் கேட்டு எனக்கு ஆச்சரியம். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கட்டுக்கட்டாகக் கிடக்கிற மரிக்கொழுந்தைத்தான் எனக்குத் தெரியும். கடலுக்கு அடியிலும் ஒரு மரிக்கொழுந்து இருக்கிறது, அதை ஒரு பெண் மூச்சடக்கிப் பறித்தால்தான் இங்கே கொதிகலன் எரியும் என்று புரியவே எனக்குச் சில மாதங்கள் ஆயின.

அந்தப் பெண்கள் தாங்களாகவே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். மாதத்தில் 12 நாள்தான் பறிப்பது: அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். இரும்பால் சுரண்டக் கூடாது. அடிப்பிடிப்பை விட்டுவிட்டு மேலே பறித்தால்தான் மறுபடி துளிர்க்கும். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கினால் 45 நாள் பாசிக்கும் ஓய்வு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை அரசாங்கம் போட்டது, அது விசைப்படகுகளுக்கு. பாசிக்கான ஓய்வு இவர்களாகப் பேசி முடிவு செய்தது. அதை மீறினால் கேஸ் போட யாரும் வர மாட்டார்கள்.

அவர்களுக்கு வேறு கேஸ்கள் ஏற்கெனவே இருந்தன. 1986-ல் அந்த 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, அவர்களுடைய தாயும் பாட்டியும் பறித்த இடத்தில் பறிப்பதே குற்றமாகிவிட்டது. 2015-ல் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்பவருக்கு, பாசி பறிக்கும் பெண்களின் உரிமைக்காகப் பாடுபட்டதற்கு, தீவுகளின் இயற்கையைக் காக்கப் பாடுபடுபவர்களுக்கு அமெரிக்காவிலிருந்து தருகிற சீகாலஜி பரிசு கிடைத்தது. அந்தச் செய்தித்தாள் துண்டை எங்கள் அலுவலகத்திலும் ஒட்டி வைத்திருந்தோம். நான் பேசிய அக்கா அவர் இல்லை, ஊரும் வேறு.

சரி, போனுக்கு வருகிறேன்.

"அக்கா, ஒரு உதவி. இங்க சரக்கே இல்லாம நிக்குது."

"இப்ப நிறுத்தியிருக்கோமே தம்பி. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும்க்கா. ஆனா சட்டப்படி தடை விசைப்படகுக்குத்தானே? நீங்க கையால பறிக்கிறீங்க. உங்கள யாரு கேக்கப் போறா?"

அந்தப் பக்கம் அதுவரை பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நான் லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அப்புறம் அக்கா கேட்டார்:

"எவ்வளவு வேணும் தம்பி?"

"ஒரு முந்நூறு கிலோ. காஞ்சது."

"சரி."

ஒன்பது வருடப் பழக்கத்தில் அக்கா ஒருமுறைகூட விலை கேட்காமல் போனை வைத்ததில்லை. அன்று கேட்கவில்லை. அது எனக்கு உறைத்தது ஏழு மூட்டைகள் வந்து இறங்கிய பிறகுதான்.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியில் பாசி அலச, காயவைக்க, நறுக்க வருகிற பெண்கள் தினக்கூலிக்காரர்கள். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார்கள். கொதிகலன் நின்றால் அன்றைக்குக் கூலி கிடையாது. கொரோனாவில் அவர்கள் பட்டதை நான் கூடவே இருந்து பார்த்தவன். அந்த நாற்பது முகங்கள் என் முன்னால் இருந்தன. அக்காவின் முகம் போனுக்கு அந்தப் பக்கம் இருந்தது. நான் மிரட்டவில்லை, அடுத்த தடவை வாங்க மாட்டேன் என்று சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தேன். தடைக்கால நிவாரணமாக மீனவக் குடும்பத்துக்கு அப்போது கிடைத்தது 5,000 ரூபாய். 61 நாளை அதை வைத்து யார் ஓட்டுவது? ஒரு வகையில் நான் கொடுத்தது வருமானம்தானே என்றும் நினைத்துக்கொண்டேன்.

இப்படி நினைக்கும்போதெல்லாம் பாத்திரச் சத்தம் நின்றது நினைவுக்கு வந்துவிடும்.

ஒரு வாரம் கழித்து வேன் வந்தது. பாசி மூட்டையைத் தரம் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வாயைப் பிரித்து மேலே இருப்பதைப் பார்த்து எழுதினால் ஏமாந்து போவோம். கையை முழங்கை வரை விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து, சாக்கின் மேல் உதற வேண்டும். எவ்வளவு மணல் விழுகிறது, சிப்பி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு கசக்கி மோந்து பார்க்க வேண்டும். முதல் ஆறு மூட்டையும் பழைய சரக்கு. நிறம் வெளுத்து, மேலே உப்புப் பூத்து, நொறுங்குகிற பதத்தில் இருந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது விற்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு ஒன்றிரண்டு மூட்டை எடுத்து வைப்பார்கள் என்று அக்காவே முன்பு சொல்லியிருக்கிறார். அது அந்த மூட்டைகள்தான் என்று கை விட்டதுமே தெரிந்துவிட்டது.

ஏழாவது மூட்டை அப்படி இல்லை. கருஞ்சிவப்பாக, கொஞ்சம் ஈரப்பதத்தோடு, கையில் துவண்டது. கடல் வாசனை அப்படியே இருந்தது. இழைகள் குட்டை, அரை விரல் நீளம்கூட இல்லை. இன்னும் வளர வேண்டிய பாசி. பல இழைகளில் அடிப்பிடிப்பும் சேர்ந்து வந்திருந்தது. உதறினேன். மணலோடு விரல்நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு துண்டு விழுந்தது. பவளப்பாறைத் துண்டு. அவசரமாகப் பிய்த்த கை. பறித்து, அலசி, வெயிலில் போட்டு எடுக்க ஒரு வாரம் போதும்.

யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. அக்காவா, அக்கா சொல்லி வேறொருத்தரா, அல்லது அக்காவுக்கே தெரியாமல் "மதுரைக்காரங்க வாங்குறாங்களாம்" என்று கேள்விப்பட்டு யாராவது போய்ப் பறித்து மூட்டையோடு மூட்டையாகச் சேர்த்துவிட்டார்களா. அக்கா சொன்ன "சரி" தன் வீட்டில் இருந்ததைத் தருகிறேன் என்பதாக இருக்கலாம், ஊரைத் திறந்துவிடுகிறேன் என்பதாகவும் இருக்கலாம். நம்மிடம் அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை அர்த்தம். சம்மதம், விரக்தி, கேட்டுக்கொண்டேன், போதும் நிறுத்து, எல்லாவற்றுக்கும் "சரி"தான்.

போனைப் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏழு மூட்டையையும் ஒரே வரியில் பதிவேட்டில் எழுதினேன். தரம் ஒன்று. பணம் அன்று சாயங்காலமே போய்ச் சேர்ந்தது. அந்த வெள்ளைத் துண்டை மேஜை டிராயரில் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. வேலையை விட்டு வரும்போது அதை எடுத்துக்கொண்டுதான் வந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம், சில மாதங்களுக்கு முன்பு என்னைப் பார்க்க வந்த ஒரு ஆராய்ச்சி மாணவி. மானுடவியல் படிக்கிறார். பாம்பனில் ஆறு மாதம் தங்கிப் பெண்களோடு பேசியிருக்கிறார். "பாசி கரைக்கு வந்த பிறகு எங்க போகுதுன்னு தொடர்ந்து வந்தேன் சார், மதுரையில வந்து நிக்குது" என்றார். அவர் பேசியதில் பாதி எனக்குப் புதிது. பொதுவில் விட்ட மேய்ச்சல் நிலம் அழிந்தே தீரும், ஆளாளுக்கு ஒரு மாட்டைக் கூடுதலாக விடுவார்கள் என்று 1968-ல் கேரட் ஹார்டின் எழுதினாராம். அப்படி இல்லை, மக்கள் தங்களுக்குள் விதி வைத்துக்கொண்டு காலங்காலமாகக் காப்பாற்றியும் இருக்கிறார்கள் என்று காட்டிய எலினார் ஆஸ்ட்ரமுக்கு 2009-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்ததாம். பழவேற்காடு ஏரியில் பாடு முறை இருப்பதையும் சொன்னார். நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வார்களாம்.

எனக்கு எங்கள் ஊர் கண்மாய் ஞாபகம் வந்தது. நான் மேலூர்ப் பக்கம். கோடையில் தண்ணீர் வற்றியதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். விடிவதற்கு முன்பே சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஊத்தாவும் கச்சாவும் வலையுமாக ஆயிரக்கணக்கான பேர் கரையில் நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அதற்கு முன்னால் ஒருத்தர் கால்கூட நனையாது. சின்ன வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று பிடித்த மீனை எங்கள் பக்கம் விற்க மாட்டார்கள். கெண்டையோ விராலோ குரவையோ, எது கிடைத்தாலும் வீட்டுக் குழம்புக்குத்தான்.

இதை அந்தப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் கண்மாய்க் கரையில் வியாபாரி நிற்பதில்லை. துண்டு விழுவதற்கு முன்பே "எனக்கு முந்நூறு கிலோ வேணும்" என்று யாரும் போன் போடுவதில்லை. மரிக்கொழுந்துப் பாசியை அந்தப் பெண்களின் வீட்டில் யாரும் சமைப்பதில்லை. மதுரையில் கொதிகலன் எரியவில்லை என்றால் அது வெறும் பாசி. அப்படியானால் அவர்கள் போட்ட கட்டுப்பாட்டில் பாதி என் கையில் இருந்திருக்கிறது. அதை அவர்கள் எனக்குச் சொல்லவும் இல்லை, என்னிடம் கையெழுத்து வாங்கவும் இல்லை. தெரியும் என்று நம்பியிருக்கிறார்கள். "உங்களுக்குத் தெரியாததா" என்று அக்கா கேட்டது இதைத்தானோ என்று இப்போது படுகிறது. இது நானாக இழுத்துப் பொருத்துகிற அர்த்தமாகவும் இருக்கலாம். அக்கா சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார்.

மாணவி ரெக்கார்டரை வைத்துக் கேட்டார்: "அவங்க நிறுத்துற நாள்ல நீங்க வாங்குவீங்களா சார்?"

"இல்லம்மா. அந்த நாள்ல நாங்க கேக்கறதே இல்ல" என்றேன். யோசிக்கவே இல்லை. ஒன்பது வருடத்தில் எட்டு வருடத்துக்கு அது உண்மை.

போன வாரம் பேட்டியை எழுத்தாக அடித்து அனுப்பியிருந்தார். தவறு இருந்தால் திருத்தித் தரச் சொல்லியிருந்தார். முழுவதும் இரண்டு முறை படித்தேன். கட்டக்கோரை என்ற பாசிப் பெயரைக் கட்டைக்கோரை என்று அடித்திருந்தார், அதைத் திருத்தினேன். மரிக்கொழுந்து வேறு, கஞ்சிப்பாசி வேறு, இரண்டையும் ஒன்றாகச் சேர்த்திருந்த இடத்தைப் பிரித்து எழுதினேன். நாலாவது பக்கத்தில் அந்தக் கேள்வியும் என் பதிலும் இருந்தன. அந்த இடத்தில் ஒரு எழுத்தும் மாற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டேன். "ரொம்ப நன்றி சார், பாசிப் பெயர்கள்தான் எனக்குப் பெரிய குழப்பமா இருந்துச்சு" என்று உடனே பதில் வந்தது. அக்காவின் நம்பர் இன்னும் என் போனில் இருக்கிறது.