ஏபி பயாலஜி: பாயிண்ட் எங்கே கழன்று போகிறது

அமெரிக்க ஹைஸ்கூலில் ஏபி பயாலஜி (கல்லூரி அளவிலான உயிரியல் பாடம்) எடுக்கும் பிள்ளைகள், செல் உணவிலிருந்து சக்தி எடுக்கும் செல்லுலார் ரெஸ்பிரேஷன் பாடம் வந்ததும் கிரெப்ஸ் சுழற்சியின் ஒவ்வொரு மூலக்கூறின் பெயரையும் உருப்போட உட்கார்ந்துவிடுவார்கள். ஊரில் பிளஸ் டூ படித்த அப்பா அம்மா அதையே ஒப்பிக்கச் சொல்வார்கள். வீண் வேலை. பரீட்சையை நடத்தும் காலேஜ் போர்டின் பாடத்திட்டம் அந்தப் பெயர்களைக் கேட்பதில்லை. உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது, மைட்டோகாண்ட்ரியாவில் எந்த இடத்தில் நடக்கிறது, ஆக்சிஜன் நின்றுபோனால் எது அடைபடும், இதைத்தான் கேட்பார்கள்.

மே மாதப் பரீட்சை மூன்று மணி நேரம். முதல் 90 நிமிடத்தில் 60 அப்ஜெக்டிவ் கேள்விகள். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், ஆகவே ஒன்றையும் விடக் கூடாது. அடுத்த 90 நிமிடத்தில் ஆறு எழுத்துக் கேள்விகள்: பெரியது இரண்டு, தலா 9 பாயிண்ட், சிறியது நான்கு, தலா 4. இரண்டு பகுதிக்கும் பாதிப் பாதி. 2025 முதல் அப்ஜெக்டிவ் பகுதி கம்ப்யூட்டரில். எழுத்துக் கேள்விகளின் விடை மட்டும் இன்னும் பேனாவில், தாளில்.

லேபில் கற்றுக்கொள்ள வேண்டியது எது என்று கேட்டால், உருளைக்கிழங்கு ஆஸ்மோசிஸ் சோதனையைத்தான் சொல்ல வேண்டும், அதாவது செல்லுக்குள் நீர் போவதையும் வெளியேறுவதையும் எடையால் அளப்பது. தோல் இல்லாமல் 3 செ.மீ. துண்டுகளாக வெட்டி, பீக்கருக்கு நாலு போட்டு, பூஜ்யத்திலிருந்து 1 மோலார் வரை 0.2 இடைவெளியில் சர்க்கரைக் கரைசலில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். மூட மறந்தால் நீர் ஆவியாகிக் கரைசல் அடர்த்தியாகிவிடும். மறுநாள் ஈரத்தை ஒற்றாமல் எடை போட்டால் எல்லாத் துண்டும் பொய்யாகக் கனக்கும். கிராம் வித்தியாசத்தை அப்படியே வரையக் கூடாது. ஆரம்ப எடை ஒவ்வொரு பீக்கரிலும் வேறு, அதனால் சதவீத மாற்றம்தான் செல்லும்.

வரைபடக் கோடு பூஜ்யத்தைக் கடக்கும் இடமே கிழங்குக்குள் இருக்கும் அடர்த்தி. அது 0.3 மோலார், அறை 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அதிலிருந்து சொல்யூட் பொட்டென்ஷியலை, அதாவது கரைபொருளால் நீரின் திறன் எவ்வளவு குறைகிறது என்பதைக் கணக்கிட வேண்டும். அயனி எண், அடர்த்தி, அழுத்த மாறிலி, கெல்வின் வெப்பநிலை என்ற வரிசையில் 1 × 0.3 × 0.0831 × 295, முன்னால் ஒரு மைனஸ்: −7.35 பார். கெல்வினுக்கு மாற்றாமல் 22 என்றே போட்டால் −0.55 வரும். மைனஸை விட்டவர்களும் ஏராளம். உப்பு என்றால் முதல் எண் 2, ஏனென்றால் அது இரண்டு அயனியாகப் பிரியும், சர்க்கரை பிரியாது. சூத்திரத் தாளை அவர்களே தருகிறார்கள்.

எதிர்பார்த்ததும் கிடைத்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கை-ஸ்கொயர் சோதனையில் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போட வேண்டும், சதவீதத்தை வைத்து அல்ல. இரண்டு பண்புகளின் கலப்பில் எதிர்பார்க்கும் 9:3:3:1 விகிதம் என்றால் வகை நான்கு, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (வகையில் ஒன்று குறைவு) மூன்று, 0.05 அளவில் எல்லை 7.81. அதைத் தாண்டினால் நல் ஹைபாத்திசிஸை (வித்தியாசம் தற்செயல்தான் என்ற கருதுகோளை) நிராகரிக்கலாம். தாண்டாவிட்டால் ‘நிராகரிக்க முடியவில்லை’ என்று எழுத வேண்டும். ‘நிரூபணமானது’ என்று எழுதுவது தப்பு. அதேபோல, 2 ஸ்டாண்டர்ட் எர்ரர் (சராசரியின் நிச்சயமின்மை) அளவில் வரைந்த எர்ரர் பார்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால், சராசரி உயரமாகத் தெரிகிறதே என்று வித்தியாசம் இருப்பதாக எழுதிவிடக் கூடாது.

எழுத்துக் கேள்வியில் வினைச்சொல்லைப் பார்க்க வேண்டும். ‘ஐடென்டிஃபை’ என்றால் ஒரு வரி போதும். ‘ஜஸ்டிஃபை’ என்றால் சங்கிலி முழுக்க வேண்டும். ரிசெப்டரில் (செல்லின் சிக்னல் வாங்கும் புரதத்தில்) மியூட்டேஷன் என்ற கேள்விக்கு ‘சிக்னல் போகாது’ என்று நிறுத்தினால் பாயிண்ட் கிடைப்பது சந்தேகம். லிகண்ட் (சிக்னல் மூலக்கூறு) ஒட்டாது, அதனால் ரிசெப்டரின் வடிவம் மாறாது, அதனால் உள்ளே கைனேஸ் என்ற என்சைம் முடுக்கப்படாது, அதனால் அந்த ஜீன் படியெடுக்கப்படாது என்று கண்ணி கண்ணியாக எழுத வேண்டும். முழு வாக்கியம் கட்டாயம். புல்லட் பாயிண்டும் வெறும் படமும் செல்லாது. ஒன்று கேட்ட இடத்தில் மூன்று எழுதி, மூன்றாவது முதலாவதோடு முரண்பட்டால் உள்ளதும் போச்சு.

எட்டு யூனிட்டில் அதிகக் கனம் ஏழாவதுக்கு, இயற்கைத் தேர்வு: அப்ஜெக்டிவ் பகுதியில் 13 முதல் 20 சதவீதம். பாழாய்ப்போன வரிசை, பல வகுப்புகளில் அது ஏப்ரலில் அவசர அவசரமாகத்தான் ஓடும். ஒரு கூட்டத்தில் ஜீன் வகைகளின் விகிதத்தைக் காணும் ஹார்டி-வைன்பெர்க் கணக்கைக் குளிர்கால விடுமுறையிலேயே சொந்தமாகப் போட்டுப் பழகிவிடுவது மேல். ஒடுங்கு (ரிசெஸ்ஸிவ்) நோய் என்றால் கணக்கை நோய் உள்ளவர்களின் விகிதத்திலிருந்து தொடங்க வேண்டும்: அது க்யூ ஸ்கொயர், ஒடுங்கு ஜீனின் விகிதமான க்யூ அல்ல.

கடைசியாக கிரெடிட், அதாவது கல்லூரியில் அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் சேர்ப்பது. உச்ச மதிப்பெண்ணான 5 வாங்கினாலும் கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு. மருத்துவம் போக நினைப்பவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஏபி கிரெடிட்டை பயாலஜி தகுதிப் பாடமாக ஏற்காத மெடிக்கல் ஸ்கூல்கள் உண்டு.