பூஜ்ஜியம் விநாடி என்றால் முடிவில்லாத காத்திருப்பு

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், ஆர்டர்கள் அட்டவணையில் ஒரே ஒரு நெடுவரிசையைச் சேர்க்கும் மைக்ரேஷனை (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் கோப்பை) ஒரு பிற்பகலில் ஓட்டினேன். சோதனைச் சர்வரில் அது கண் இமைப்பதற்குள் முடிந்திருந்ததால், எந்த நேரத்தில் ஓட்டுகிறோம் என்று யோசிக்கவும் இல்லை. உண்மையான டேட்டாபேஸில் அது முடியவில்லை. அதோடு, அந்த அட்டவணையைப் படிக்க வந்த ஒவ்வொரு வினவலும் அதன் பின்னால் வரிசையாக நிற்கத் தொடங்கியதால், சில நிமிடங்களில் கனெக்‌ஷன்கள் அனைத்தும் தீர்ந்து தளமே முடங்கியது.

காரணத்தைத் தேடியபோது, கணக்குப் பிரிவினருக்கான ஓர் அறிக்கை வினவல் அந்த அட்டவணையை நெடுநேரமாகப் படித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. நாங்கள் பயன்படுத்திய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், தரவைப் படிக்க மட்டும் செய்யும் செலக்ட் வினவல்கூட அட்டவணையின் மீது ஒரு மெல்லிய பூட்டை வைத்திருக்கும். நெடுவரிசை சேர்க்கும் ஆல்டர் டேபிள் கட்டளையோ, வேறு எந்தப் பூட்டோடும் ஒத்துப்போகாத ஆக்சஸ் எக்ஸ்க்ளூசிவ் பூட்டைக் கேட்கும். அறிக்கை முடியும்வரை அது காத்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அது காத்திருக்கும்போதே, பின்னால் வரும் செலக்ட் வினவல்களும் அதை முந்திச் செல்ல முடியாது என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். நெடுவரிசையைச் சேர்க்கும் வேலை சில மில்லிவிநாடிகள்தான். தளத்தை நிறுத்தியது அந்த வேலையல்ல, அதற்கான காத்திருப்பு. 2018-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 11-ஆம் பதிப்பிலிருந்து, மாறாத இயல்பு மதிப்போடு நெடுவரிசை சேர்த்தாலும் அட்டவணை முழுவதும் திருப்பி எழுதப்படுவதில்லை என்ற செய்தியை நம்பி நான் துணிந்திருந்தேன். அந்தச் செய்தி உண்மை, ஆனால் பூட்டைப் பற்றி அது எதையும் மாற்றவில்லை.

இந்தக் காத்திருப்புக்கு எல்லை வைக்கத்தான் லாக் டைம்அவுட் என்ற அமைப்பு இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பு பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்றால் எல்லையே இல்லை என்று பொருள். மற்றொரு டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் இதைவிட வேடிக்கையானது: அங்கே அட்டவணையின் அமைப்பைக் காக்கும் மெட்டாடேட்டா பூட்டுக்கான காத்திருப்பு எல்லை 3,15,36,000 விநாடிகள், அதாவது சரியாக ஓர் ஆண்டு. அட்டவணையின் தனித்தனி வரிசைகளைப் பூட்டும்போது பொருந்தும், அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபியின் 50 விநாடி எல்லைதான் இதற்கும் பொருந்தும் என்று நினைத்து நிம்மதியாக இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் குழு முதலில் செய்தது, ஒவ்வொரு மைக்ரேஷன் கோப்பின் முதல் வரியிலும் இந்த எல்லையை எழுத வேண்டும் என்று ஒரு விதி வகுத்ததுதான். ஆனால் அவசரத்தில் எழுதப்படும் மைக்ரேஷனில் அந்த வரி விடுபட்டுப்போகும். ஆபத்தும் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். ஆகவே மைக்ரேஷன்களுக்கென்று டேட்டாபேஸில் தனி ரோல் (பயனர் கணக்கு) ஒன்றை உருவாக்கி, ஆல்டர் ரோல் கட்டளையால் அந்த ரோலுக்கே லாக் டைம்அவுட்டை 3 விநாடிகளாக வைத்தோம். எழுதுபவர் மறந்தாலும் எல்லை அங்கே இருக்கும். அதிக நேரம் வேண்டும் என்பவர்தான் அதைத் தம் கோப்பில் வெளிப்படையாக எழுத வேண்டும், கோப்பைப் படிப்பவர் ஏன் என்று கேட்கவும் முடியும். இங்கே ஒரு நுணுக்கம்: ரோலுக்கு வைத்த மதிப்புகள் அந்த ரோலாக உள்நுழையும்போதுதான் நடைமுறைக்கு வரும்; வேறு ரோலாக நுழைந்து செட் ரோல் மூலம் மாறினால் வராது. மாற்றங்களைச் சர்வரில் ஏற்றும் எங்கள் டெப்ளாய் ஸ்கிரிப்ட் இரண்டாவது வழியில்தான் நுழைந்துகொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது.

இதே மதிப்பைச் சர்வரின் பொது அமைப்புக் கோப்பிலேயே வைத்துவிடலாமே என்று ஒருவர் கேட்டார். அது எல்லா இணைப்புகளையும் பாதிக்கும் என்பதால் போஸ்ட்கிரெஸின் ஆவணமே அதைப் பரிந்துரைப்பதில்லை. ஒரு கட்டளை ஓடக்கூடிய மொத்த நேரத்துக்கு எல்லை வைக்கும் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டையும் ரோலுக்கு வைத்தோம், ஆனால் அது பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே எண்ணுவதால் லாக் டைம்அவுட்டைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே முந்திக்கொண்டு கட்டளையை நிறுத்திவிடும்.

எல்லை வைத்தால் மைக்ரேஷன் சில நேரம் தோற்கும். போஸ்ட்கிரெஸில் பெரும்பாலான ஸ்கீமா மாற்றங்கள் (அட்டவணை அமைப்பின் மாற்றங்கள்), முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத தொகுப்பான டிரான்சாக்‌ஷனுக்குள் நடப்பதால், தோற்றது தடயமின்றித் திரும்பிவிடும். சற்று இடைவெளி விட்டு மறுபடி முயலும்படி ஸ்கிரிப்டில் எழுதிவிட்டோம். மைஎஸ்க்யூஎல்லில் ஒவ்வொரு மாற்றமும் தானாகவே கமிட் ஆகி உறுதியாகிவிடுவதால், ஒரு கோப்புக்கு ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இந்த ஒழுங்குக்குள் அடங்காதது, தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸ்தான். சாதாரணமாக இன்டெக்ஸ் உருவாக்கினால் அது முடியும்வரை அட்டவணையில் எழுத முடியாது. கன்கரன்ட்லி என்று சேர்த்தால் எழுதலாம், ஆனால் அதை டிரான்சாக்‌ஷனுக்குள் ஓட்ட முடியாது, நேரமும் அதிகம் எடுக்கும். ஆகவே அந்தக் கோப்பில் மட்டும் ஸ்டேட்மென்ட் டைம்அவுட்டை நீக்குகிறோம். பாதியில் நின்றால் பயன்படாத, செல்லாத இன்டெக்ஸ் ஒன்று அதே பெயரில் தங்கிவிடும். 'இல்லையென்றால் மட்டும் உருவாக்கு' என்னும் இஃப் நாட் எக்சிஸ்ட்ஸ் நிபந்தனையைப் பாதுகாப்பு என்று எண்ணி எல்லாக் கோப்புகளிலும் சேர்த்திருந்தோம். அது பெயரை மட்டுமே பார்க்கிறது, இன்டெக்ஸ் செல்லுமா என்று பார்ப்பதில்லை. மறுமுயற்சி ஒரு நொடியில் வெற்றி என்று சொல்லிவிட்டுப் போனது, வினவல்களோ முன்பு போலவே மெதுவாக ஓடின. இப்போது அந்த நிபந்தனையை இன்டெக்ஸ் கோப்புகளிலிருந்து எடுத்துவிட்டு, செல்லாத இன்டெக்ஸ் இருந்தால் முதலில் நீக்கும் வரியை வார்ப்புருவிலேயே வைத்திருக்கிறோம்.