எடை ஏறியது, இடுப்பு ஏறவில்லை

என் தையல் கடை அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் அளவும் இருக்கிறது. இடுப்பு 38. சர்க்கரை நோய்க்குச் சாப்பிடும் மெட்ஃபார்மின் மாத்திரையோடு பயோகிளிட்டசோன் 15 மில்லிகிராம் சேர்த்து எழுதிக்கொடுத்த அன்று என் எடை 71 கிலோ. நாலு மாதத்தில் 74. ஆனால் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 8.6-லிருந்து 7.2-க்கு இறங்கியிருந்தது. சுகர் இறங்குகிறது, உடம்பு ஏறுகிறது. இது என்ன கணக்கு?

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து டேப்பைச் சுற்றினேன். இடுப்பு அதே 38. தொடையில்தான் பேண்ட் பிடித்தது.

இதைச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். பயோகிளிட்டசோனின் வேலையே அதுதானாம். ஈரலிலும் குடலைச் சுற்றியும் சேர்கிற கொழுப்புதான் இன்சுலினைக் கெடுப்பது. இந்த மாத்திரை தோலுக்கடியில் சின்னச் சின்னக் கொழுப்பு செல்களை உண்டாக்கி, கொழுப்பை அங்கே கொண்டுபோய் வைக்கிறது. அப்புறம், கொழுப்பே ஹார்மோன் சுரக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. அடிப்போனெக்டின் என்று ஒன்று. ஈரலையும் தசையையும் இன்சுலின் பேச்சைக் கேட்க வைப்பது. கொழுப்பில்தான் ஊறுகிறது, ஆனாலும் தொப்பை பெருத்தால் அது குறைந்துவிடும். பயோகிளிட்டசோன் அதை நன்றாக ஏற்றும். மெட்ஃபார்மினுக்கு அந்த வேலை அவ்வளவாகத் தெரியாது. ஈரல் சர்க்கரையை வெளியே விடுவதைக் குறைப்பதுதான் அதற்கு முக்கிய வேலை. கொழுப்பு சுரக்கும் இன்னொரு ஹார்மோன், 1994-இல் கண்டுபிடித்த லெப்டின். 'போதும்' என்று மூளைக்குச் சொல்வது. குண்டானவர்களுக்கு அது நிறையவே சுரக்கும், மூளைதான் காதில் வாங்காது. எங்கள் வீட்டில் என் பேச்சு மாதிரி.

சரி, மூன்று கிலோவும் கொழுப்பா? இல்லை. சாயங்காலம் மிஷினை விட்டு எழுந்து சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் எலாஸ்டிக் தடம் ஆழமாக விழுந்திருக்கும். டாக்டர் கட்டைவிரலால் அழுத்தினார், குழி விழுந்து மெதுவாக மேலே வந்தது. இந்த மாத்திரை தேக்கிய நீர். மூச்சு வாங்குகிறதா, படுத்தால் இருமல் வருகிறதா என்றெல்லாம் கேட்டார். இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. சிறுநீரில் ரத்தம் போனதுண்டா என்றும் கேட்டார். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பயத்தால் 2013 ஜூனில் மத்திய அரசு இதை நிறுத்திவைத்து, அடுத்த மாதமே எச்சரிக்கையோடு திரும்ப அனுமதித்த கதையை அன்றுதான் கேட்டேன். இதை மாத்திரை எழுதும்போதே சொல்லியிருக்கலாம்.

இப்போது 7.5 மில்லிகிராம். சாக்ஸ் தடம் லேசாகிவிட்டது. தீபாவளிக்கு எனக்கு வெட்டிய பேண்ட்டில் இடுப்பு 38-தான், தொடையில் மட்டும் அரை இஞ்ச் கூட விட்டிருக்கிறேன்.